ஐம்பத்தெட்டு கிலோவுக்கு ஒரு பலகை

திருத்தணி மலைமேல் துலாபாரத் தராசடியில் இருபத்திரண்டு வருடம் நின்றவர் ஜம்புலிங்கம். பிள்ளைக்கு உடம்பு தேறினால் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டவர்கள் வருவார்கள். ஒரு தட்டில் பிள்ளை உட்காரும். மறு தட்டில் இவர் வெல்லம் அடுக்குவார். முள் நேராக நின்றதும் அரோகரா சொல்லுவார். அதுவரை அவர் விரல் நுனிகூடத் தட்டின்மேல் படாது. சாமிக்கு அளக்கிற இடத்தில் மனுஷன் கை படக் கூடாது என்று தனக்குத் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

நின்று நின்று கண்ணே தராசாகிவிட்டது. படியேறி வருகிறவரைப் பார்த்ததும் எண் வாயில் வந்துவிடும். அறுபத்து மூன்று என்பார். ஏற்றினால் அறுபத்து மூன்றுதான். பூக்கடைப் பெண்கள் இவர் வந்தாலே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அண்ணன் கண்ணில் பட்டால் நம் சோற்றுக் கணக்கு ஊருக்கே தெரிந்துபோகும் என்று கேலி செய்வார்கள்.

ஒரே மகள் மோனிஷா. கோவளத்துக்கு அப்பால் கழிமுகத்தில் ஒரு படகு கிளப்பில் வேலை. மோட்டார் படகு கயிற்றால் இழுக்க, பின்னால் பலகைமேல் நின்றபடி தண்ணீரில் வழுக்கிப் போகிற விளையாட்டு. வேக்போர்டு என்று பெயர். வருகிறவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுப்பாள். ஒருமுறை போனில் வீடியோ அனுப்பினாள். படகு எழுப்பிய அலைமேல் ஏறி, ஆள் உயரம் எழும்பி, திரும்பத் தண்ணீரில் இறங்கினாள். அம்மா மனோரமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஜம்புலிங்கம் மூடவில்லை. அந்தரத்தில் நின்ற அந்த ஒரு நொடியில் மகளுக்கு எடையே இல்லை என்று பட்டது அவருக்கு.

ஒரு வைகாசியில் மோனிஷா போன் செய்தாள். அடுத்த மாதம் பெரிய போட்டி. இத்தனை நாளும் கிளப்பின் பழைய பலகையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது முதலாளி சந்திரமோகன் அவளுக்கென்றே புதுசு எடுத்துத் தருகிறார். நீ வந்து உன் கையால் தொட்டுக் கொடு நைனா என்றாள். விபூதிப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

நான்கு மாதம் கழித்துப் பார்க்கிறார். மகள் தொளதொளவென்று முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். வெயிலுக்கு என்றாள்.

சந்திரமோகன் நல்ல மனிதர். பலகையின் வளைவைத் தடவிக் காட்டி, பெரியவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். முனையிலிருந்து முனைவரை ஒரே சீராக வளைந்த பலகை சுகமாக வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் தட்டையாக இருந்து முனைகளில் மடிந்தது அலையில் சட்டென்று மேலே தூக்கும். இறங்கும்போது முட்டி அதிரும். மோனிஷாவுக்குத் தூக்குவதுதான் வேண்டும். அந்தச் சாதியில் இரண்டு பலகை இருந்தன. ஒன்று மற்றதைவிட நான்கு விரற்கடை நீளம். நீளத்தை ஆளின் எடை பார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம். கனத்த ஆளுக்குச் சின்னது எடுத்தால் அமிழும். லேசான ஆளுக்குப் பெரியது எடுத்தால் சொன்ன பக்கம் திரும்பாது, தூக்கி அடிக்கும்.

எடை என்றதும் ஜம்புலிங்கம் சிரித்துக்கொண்டார். இது நம்ம தொழில் என்று நினைத்திருப்பார்.

"இப்ப எவ்ளோம்மா நீ?" என்று கேட்டார் சந்திரமோகன்.

"அம்பத்தெட்டு சார். அதேதான்."

"நாப்பத்தாறு," என்றார் ஜம்புலிங்கம்.

யோசித்துச் சொல்லவில்லை. பலகையைத் தொட்டிருந்த கையோடு மகளை நிமிர்ந்து பார்த்தார், எண் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. பெற்ற மகள். பன்னிரண்டு கிலோ எங்கே போயிற்று?

சந்திரமோகன் முதலில் விளையாட்டாகத்தான் எடை மிஷினை இழுத்துப் போட்டார். மோனிஷா ஏற மாட்டேன் என்றாள். பிறகு ஏறினாள். நாற்பத்தாறும் சொச்சமும் காட்டியது. அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று மாதமாகச் சாயந்திரமானால் காய்ச்சல், பல் விளக்கினால் ரத்தம், கையெல்லாம் கன்றிப்போன நீலம். போட்டி கைவிட்டுப் போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டு ஓட்டியிருக்கிறாள். டாக்டர் பார்க்காமல் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று சந்திரமோகன் சொல்லிவிட்டார்.

மோனிஷா படகுத்துறைப் படியில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு நாளு, ஒரே ஒரு பொய்யி சொல்லக்கூடாதா நீ. அதுக்கு முருகன் கோச்சிக்கினு பூடுவானா நைனா?"

அவர் மடியிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் பூசினார்.

ரத்தத்தில் புற்று என்றார்கள். முன்னமே வந்து காட்டியிருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே ஜம்புலிங்கம் மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார். பழையபடி ஐம்பத்தெட்டுக்கு வரட்டும். தட்டில் உட்கார வைத்து அத்தனை வெல்லத்தையும் என் கையால் அடுக்குகிறேன்.

அன்றிலிருந்து மகளை நேராகப் பார்ப்பதை விட்டார். பார்த்தால் எண் வரும். நாற்பத்து மூன்று வரும். நாற்பது வரும். வாய் சொல்லாவிட்டாலும் நெஞ்சு சொல்லும். சோறு ஊட்டும்போது கிண்ணத்தைப் பார்த்தார். விபூதி பூசும்போது சுவரைப் பார்த்தார். மனோரமாவுக்கு இது புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது.

"நைனா, இங்க பாரு. நம்பர் சொல்ல வேணாம். சும்மா பாரு, போதும்."

பார்த்தார். முப்பத்தெட்டு.

அந்த வாரம் சந்திரமோகன் போன் செய்தார். எந்தப் பலகையை எடுத்து வைக்கட்டும் என்று கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம், ஆனால் நோயாளிக்கு அது எத்தனை பெரிய மருந்து என்று தெரிந்துதான் கேட்டிருப்பார். நீயே சொல்லு என்று மோனிஷா போனை நைனாவிடம் நீட்டினாள்.

"பெருசு எடுங்க சார்," என்றார் ஜம்புலிங்கம். "என் பொண்ணு அம்பத்தெட்டு கிலோ."

மோனிஷா சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. அப்படியும் சிரித்தாள்.

பலகை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் இல்லை.

சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒரு வருடம் மலை ஏறக் கூடாது. ஜம்புலிங்கம் கீழே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மண்டியில் மூட்டை பிரித்துக்கொண்டு நாளை ஓட்டினார். யாராவது எடை கேட்டால், கண் மங்கிப்போச்சுங்க என்று சொல்லிவிடுவார்.

வருடம் கழிந்த மறுநாள் காலையில், பலகையைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினார். வெல்லத்தை முன்னமே மேலே அனுப்பியிருந்தார். வேண்டியது நடக்கவில்லையே, பின்னே எதற்கு வெல்லம் என்று மனோரமா கேட்டிருந்தாள். அவ ஒரு தபாவாவது உக்காரணும் என்றுதான் சொன்னார்.

ஒரு தட்டில் ஐம்பத்தெட்டு கிலோ வெல்லம் அடுக்கினார். மறு தட்டில் பலகையை வைத்தார். பலகை மூன்று கிலோகூட இருக்காது. வெல்லத் தட்டு தரையைவிட்டு அசையவில்லை. குருக்கள் கர்ப்பூரத்தோடு காத்து நின்றார்.

ஜம்புலிங்கம் இரண்டு கையையும் பலகைமேல் ஊன்றினார். அழுத்தினார். இன்னும் அழுத்தினார். வெல்லத் தட்டு மெல்ல எழும்பியது. உடம்பு முழுக்கக் கையில் இறங்கி, குதிகால் தரையைவிட்டுத் தூக்கியது. முள் நடுவுக்கு வந்து நின்றது.

இவ்வளவு கனமாகவா இருந்தாள் என்று நினைத்தார். அரோகரா சொல்ல வாய் திறந்தார். சொன்னால் அவளை இறக்க வேண்டும். சொல்லவில்லை. கையை எடுக்கவுமில்லை.