வடக்குப்பட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனோம்

“...பத்தொம்பது வருசமா எங்கிட்டயே சொல்லிக்கினு கீறியே, நானா மேப்பு போடறவ? அவருகிட்ட போயி சொல்லு. திட்டுனா வாங்கிக்கோ. அடிக்க வந்தா நான் பாத்துக்கறேன்” என்றாள் என் மனைவி சரோஜா, தாம்பரம் பஸ் நிலையத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

1991 ஜனவரி, ஒரு சனிக்கிழமை, காலை ஏழேகால். ஒரகடம் போகிற பஸ்ஸில் ஆளுக்கு இரண்டே முக்கால் ரூபாய். ஜன்னல் பக்கம் அவளுக்கு, கம்பி பக்கம் எனக்கு.

ஏழு ஐம்பதுக்குப் படப்பை. டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டார். மடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையோடு எங்கள் பக்கத்தில் இருந்தவர், யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். வடக்குப்பட்டு சர்வேயர் சாமுவேல் ஐயா வீட்டுக்கு என்றேன்.

“நெலம் அளக்கறதுக்கா? வரமாட்டாருய்யா அந்த மனுசன். வரப்பு சண்டைக்குக் கூப்ட்டா, எனக்கு மலை மட்டும்தான் அளக்கத் தெரியும்னுடுவாரு.”

அவர் சொன்னது பொய்யில்லை. ஐயா லடாக்கின் வடக்குக் கோடியில், அரசாங்க வரைபடத்துக்காக, இருபத்திரண்டு கோடைகள் குழு நடத்திப் போனவர். அதில் ஆறு கோடைகள் நான்தான் சமையல். பதான்கோட் வரை ரயில், அங்கிருந்து லாரி, அப்புறம் குதிரைகள், கடைசியில் கால்தான். பதினாலு பேரும் சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் ஐயா தட்டை எடுப்பார். “உங்க தலைவர் மலையைத் தூக்கிப் பார்த்துட்டு, இருந்த எடத்துலயே வச்சுட்டு வர்றவர்” என்று லடாக்குக் குதிரைக்காரர் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நான் மன்னிப்புக் கேட்கப் போகிற அந்தத் தப்பு நடந்தது 1972இல். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டை அளந்தால் இடத்தின் உயரம் தெரிந்துவிடும். அதற்காக ஐயா டம்ளர் அளவில் ஒரு பித்தளைப் பாத்திரம் வைத்திருந்தார். கடைசி முகாமில் விடியற்காலை தண்ணீர் கேட்டார். மண்ணெண்ணெய் தீர்கிற நேரம். அந்த ஊர் வழக்கப்படி உப்புப் போட்டு டீ காய்ச்சிய கெட்டிலைக் கழுவாமல், அதிலேயே பனியை உருக்கிக் கொடுத்தேன். அளந்து பார்த்தவர் முகம் மாறிப்போனது. “ராத்திரி நாம தூங்கறப்ப மலை நானூறு அடி வளர்ந்துடுச்சி” என்றார். அடுத்த நிமிடமே மூட்டை கட்டச் சொன்னார். கணவாய்க்கு அந்தப் பக்கம் அளக்க வேண்டியது அப்படியே நின்றுபோனது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்போது ஏன் திரும்பினாய் என்று கேட்டு, மேலிடம் அவரை மலைக்கு அனுப்பாமல் இரண்டு வருஷம் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தது. நான் வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் ஒரு கேன்டீனில் சேர்ந்தேன். என் கெட்டில் உப்புதான் அளவைக் கெடுத்து அவரைத் திரும்ப வைத்தது என்று நம்பினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, சரோஜாவைத் தவிர.

எட்டரைக்கு ஒரகடம் கூட்டுரோடு. அங்கிருந்து நாற்பது நிமிட நடை. இரண்டு பக்கமும் நெல், நடுநடுவே வேலிகாத்தான் முட்புதர். “கம்பெனி வரப்போவுதாம்” என்று சைக்கிளில் போன ஒருவர் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார். வரட்டும் என்றேன். 

ஐயா வாசலில் பனியனோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “கோதண்டமா? யோவ், உயிரோடதான் கீறியா?”

 நின்றபடியே உப்பு, கெட்டில், பனி என்று கொட்டிவிட்டேன். நான் விட்ட இடத்தையெல்லாம் சரோஜா நிரப்பினாள். ஐயா கீரைக்காம்பைக் கீழே வைத்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். இருமல் வருகிற வரை சிரித்தார்.

“தெர்மாமீட்டர் தண்ணியிலயா நின்னுது? அது ஆவியில தொங்கினு இருந்துதுய்யா! தண்ணியில நீ உப்பு போடு, புளி கரைச்சு ஊத்து, ஆவிக்கு இன்னா தெரியும்? அப்டியே பாத்தாலும், உப்புத் தண்ணி கொதிக்க சூடு ஜாஸ்தி ஓணும். மலை குட்டையாத்தான் ஆவணும். அன்னிக்கு வளர்ந்தில்ல காட்டுச்சு!”

“அப்ப ஏங்கய்யா எறங்குனோம்?”

“காத்தோட அழுத்தம் எறங்கிப்போச்சு, அதான் தண்ணி கம்மி சூட்லயே கொதிச்சி மலை வளர்ந்தாப்ல காட்டுச்சு. பெரிய பனிப்புயல் வருதுன்னு அர்த்தம். மூணாம் நாளே அந்தக் கணவா மூடிப்போச்சுன்னு குதிரைக்காரங்க வந்து சொன்னாங்க. அதுக்குள்ள நீதான் ஊரப் பாக்க ஓடிட்டியே. பதினாலு பேர முழுசா கொண்டாந்தேன். அதுக்கு ரெண்டு வருசம் நாற்காலின்னா, மலிவுதான்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உன் சமையல் போனதுதான்யா எனக்கு நெஜ தண்டனை.”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.  எழுப்பிவிட யாரும் அவசரப்படவில்லை.

“ஒரு கடுதாசி போட்டிருந்தா அப்பவே தீந்திருக்குமே சார். இத்தினி வருசம் இந்தாளு கூட நான்தானே மல்லுக்கட்டினேன்?” என்று சரோஜா அவரையே பிடித்துக்கொண்டாள்.

“அட்ரஸ் குடுக்காம ஓடிப்போனது யாரும்மா?” என்றார் ஐயா. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

மத்தியானம் கீரையும் கருவாட்டுக் குழம்பும். சமையல் ஐயாதான். சுமார்தான். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றரைக்குத் திரும்பும் பஸ். காலையில் பார்த்த அதே வயல்கள், அதே ரோடு, அதே குலுக்கல். ஆனால் காலையில் வந்தவன் திருட்டுப் பொருளை மடியில் கட்டிக்கொண்டு வந்தவன். திரும்புகிறவனிடம் ஐயா கொடுத்தனுப்பிய முருங்கைக்கீரைக் கட்டு மட்டும்தான். லே நகரத்திலிருந்து இறங்கிய எந்தக் கோடையிலும் மூச்சு இவ்வளவு லேசாக இருந்ததில்லை. இதைச் சரோஜாவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை முன்சீட்டுக் கம்பியில் ஊன்றி, பஸ் படப்பையைத் தொடும் முன்பே வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.