எருமைகள் கிளப்பிய அலை

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் சாலையில், ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சைக்கிள் கடை. ஐம்பதுகளின் நடுவில் எங்கள் ஊருக்கு மின்கம்பம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கரண்டு என்றால் என் கடையில் தொங்கும் டைனமோ விளக்குதான். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், இளவயது. கடலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, அலையின் ஆட்டத்திலிருந்தும் கரண்டு எடுக்கலாம், வெளிநாட்டில் சிலர் முயன்று பார்க்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். கடலையே காணாத பிள்ளைகள் எப்படி நம்பும்? என் மகள் மட்டும் எழுந்து நின்று, "எங்க நைனா செஞ்சு காட்டுவாரு" என்றாளாம்.

எருமை வைத்திருக்கும் கவுண்டர் வீட்டுப் பையன் பின்னாலிருந்து, "உங்க நைனாவுக்குப் பேச்சே வராது. கரண்டு எங்க வரப்போவுது?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பு முழுக்கச் சிரித்திருக்கிறது.

"வெளக்கு எரியலன்னா நான் இனிமே பள்ளிக்கூடம் போவமாட்டேன் நைனா" என்றாள்.

"சும்மா சொல்றா, வுடுங்க" என்றாள் அவள் அம்மா.

சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நின்றவன்தான். ஐந்தாம் வகுப்பில் உரக்கப் படிக்கச் சொன்னார்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்று படுத்தேன். அந்த வயிற்றுவலி தீரவே இல்லை.

முதலில் தகரத்தை வெட்டி, இறக்கை வைத்த சக்கரம் ஒன்று செய்தேன். நான் பார்த்த ஓடுகிற தண்ணீர் எல்லாம் ஏரி மதகிலிருந்து பாயும் வாய்க்கால் தண்ணீர்தான். அலையும் அப்படிக் கரையைப் பார்த்து ஓடிவரும், சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் என்று நினைத்தேன். வாத்தியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன். ஆடிக் காற்றில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. சக்கரம் கொஞ்சம் முன்னால் போயிற்று, அதே அளவு பின்னால் வந்தது. முழுசாக ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் ஒரு தேங்காய் ஓட்டைத் தண்ணீரில் போட்டார். "பாருங்கண்ணே, ஓடு நம்மகிட்ட வரலை. அலைதான் வருது, தண்ணி வரலை. எங்க ஊர்ல நங்கூரம் போட்ட படகு இப்படித்தான், நின்ன எடத்துலயே ஏறி எறங்கும்."

ஏறி இறங்கும் என்ற சொல்லைக் கடை வரைக்கும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பெடலும் ஏறி இறங்குவதுதான். முன்னால் மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றும். பின்னால் மிதித்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும், சக்கரம் தன் பாட்டுக்கு ஓடும். அந்த வேலையைச் செய்வது பிரீவீல். ஒரு பின்சக்கரத்தை மதகுச் சுவரில் கட்டை வைத்து நிறுத்தினேன். பிரீவீல் மேல் செயினைப் போட்டு, ஒரு முனையில் தண்ணீரில் மிதக்கும்படி வாய் அடைத்த காலி மண்ணெண்ணெய் டின்னையும் மறுமுனையில் கல்லையும் கட்டினேன். டயரை உரசிக்கொண்டு டைனமோ. டின் ஏறி இறங்கினால் சக்கரம் ஒரே பக்கம் சுற்ற வேண்டும்.

ஆனால் எங்கள் ஏரி அலைக்கு டின்னைத் தூக்கும் தெம்பு இல்லை. அது லேசாகத் தலையாட்டியதோடு சரி.

"எருமைங்க எறங்கும்போது மதகு வரைக்கும் தண்ணி அடிக்குதே நைனா" என்றாள் மகள். எருமைகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று இருவருக்கும் தெரியும். அவளே போய்க் கேட்டாள். "ஓட்டியாறேன். எரியலன்னா எல்லாருக்கும் முன்னால சொல்லிப்புடுவேன்" என்றானாம் பையன்.

அன்று பள்ளிக்கூடமே ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தது. விளக்கம் சொல்லுங்கள் என்று வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். சக்கரத்தைக் கையில் திருகி, "இப்படி... பிடிக்கும். அப்படி... வுட்டுடும்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து தாங்களே திருகிப் பார்க்க ஆரம்பித்ததால் பிழைத்தேன்.

பட்டப்பகலில் வெளிச்சம் தெரியாது. அதனால் பல்பின் மேல் கம்பளியைப் போர்த்தியிருந்தேன். ஒரு தலைதான் உள்ளே நுழையும். வாத்தியார் என் மகளைக் கூப்பிட்டார்.

அவள் நகரவில்லை. கவுண்டர் வீட்டுப் பையனைப் பார்த்து, "நான் பாத்தா பொய்யும்பாங்க. நீ பாருடா" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் கம்பளிக்குள் போய்விட்டான். மற்ற பையன்கள் கூச்சல் போட்டு எருமைகளை ஏரிக்குள் விரட்டினார்கள். தண்ணீர் எழும்பி மதகுச் சுவருக்குள் வந்து மோதியது. டின் ஏறியது, இறங்கியது. டிக் டிக். சக்கரம் வெட்டி வெட்டிச் சுற்றியது, பிறகு ஓட்டம் பிடித்தது. டைனமோ முனகும் சத்தம் எனக்கு மட்டுமாவது கேட்டது. அதற்குள் ஒரு எருமைக் கிடேரி மதகுக்குள் மூக்கை நுழைத்து டின்னை முட்ட, செயின் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது.

எல்லோரும் கம்பளியையே பார்த்தார்கள். பையன் தலை கலைந்து வெளியே வந்தான். என் மகள் பாவாடையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எரிஞ்சிச்சு" என்றான். தலைமயிரை ஒதுக்கிக்கொண்டே, "பீடி நெருப்பாட்டம். அவ்ளோதான்" என்றான்.

"பீடி நெருப்பு நெருப்பு இல்லியா?" என்றாள் என் மகள்.

எங்களுக்கும் காட்டு என்று மற்றவர்கள் கத்தினார்கள். எருமைகள் அதற்குள் சுகமாகப் படுத்துவிட்டிருந்தன. இனி அவற்றை யாரால் கிளப்ப முடியும்?

சாமான்களைக் கழற்றும்போது பார்த்தேன். பல்பு திருகு தளர்ந்து தொங்கியது. கிடேரி முட்டிய ஆட்டத்தில் தளர்ந்ததா, முதலிலேயே நான் சரியாகத் திருகவில்லையா? அவனைத் தவிர யாரும் எதையும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் பல்பை ஜேபியில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் என் மகள் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். அவள் தெருமுக்கு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் திரும்பினால் அந்தப் பையன் கடை வாசலில் நிற்கிறான், அவன் அப்பாவின் சைக்கிளுக்குக் காற்றடிக்க. நிஜமாகவே பார்த்தாயா என்று கேட்க வேண்டும். பம்ப் அடிக்க அடிக்கக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்து வந்து போயிற்று.

அவன்தான் பேசினான். "ஏன் மாமா, கடல்ல யாரு எருமை ஓட்றது?"

"காத்து" என்றேன்.

அவன் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த எருமை படுத்துக்காது" என்றான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, என் மகள் போன வழியிலேயே போனான்.