டைலரக்காவின் டேப்

டைலரக்காவின் வாய்க்குப் பயப்படாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. துணி இறுக்குகிறது என்று யாராவது சொன்னால், "என் தையல் சுருங்கல, உன் தொப்பைதான் பெருத்துப்போச்சு" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவாள். அவர்களும் பதிலுக்குக் கத்துவார்கள். பக்கத்துக் கடையில் இஸ்திரி போடும் எனக்கு அது இலவச நாடகம். சண்டை போடும்போதும் டேப் அவள் கழுத்தில்தான் தொங்கும்.

ஒரு வருஷம் அந்த டேப் காணாமல் போனது; புதிது வாங்க வாங்க அதுவும் போனது. பட்டன் வைக்கும் பெண்ணைப் பிடித்து உலுக்கினாள். "டேப்பை வச்சு என்னடி பண்றே, ஊஞ்சல் கட்றியா?" அந்தப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே வேலையை விட்டுப் போனாள்.

எடுத்தது அக்காவின் தம்பி. தைத்த துணியை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், இருக்கிற இடம் தெரியாத ஆள். செத்துக்கிடந்த மூன்று பேரின் கழுத்திலிருந்து போலீஸ் அந்த டேப்புகளை எடுத்தது. மூவரும் அளவு சரியில்லை என்று அக்காவிடம் சண்டை போட்டவர்கள். பாவம், ஒருவர் தன் கல்யாணச் சட்டைக்காகச் சண்டை போட்டார். இவர்கள் உன் அக்காவைக் கொல்லப் போகிறார்கள் என்று தம்பியின் காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்ததாம்.

புத்தி பேதலித்துச் செய்தான், குற்றவாளி இல்லை, ஆஸ்பத்திரியில் வையுங்கள் என்றது கோர்ட். உடனே தெருவெல்லாம் வக்கீல்கள் முளைத்தார்கள். "எல்லாம் நடிப்பு" என்றார் மளிகைக்கடைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடைக்கல்லில் நடிக்கிற ஆளுக்கு ஊரெல்லாம் நடிப்பாகத்தான் தெரியும்.

கொஞ்ச நாள் ஈ ஓட்டினாள் அக்கா. பிறகு கூட்டம் திரும்பியது. ஆனால் அளவு சரியில்லை என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்றாலும் "பிரமாதம்க்கா" என்று வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நானும்தான். அக்கா டேப்பை ஆணியில் மாட்டிவைத்தாள்.

வருஷங்கள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். தம்பிக்குக் குணமாகிவிட்டது, அக்கா ஏற்றுக்கொண்டால் வீட்டுக்கு அனுப்பலாமாம். அவன் ஒரு புதுச் சட்டையும் கேட்டிருந்தான். துணைக்கு நான் போனேன். வாசலில் காவலாளி அவள் பையிலிருந்த டேப்பைப் பார்த்து, பேய் அறைந்தவன்போல் ஆகி, பிடுங்கி வைத்துக்கொண்டான்.

மாத்திரையில் தம்பி ஊதிப்போயிருந்தான். "என்னடா, ரெண்டு ஆளுக்குத் துணி எடுக்கணும் போல இருக்கே" என்றாள். டேப் இல்லாததால் தோளை ஜாணால் அளந்தாள். மார்பை அளக்கக் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. முதுகுப் பக்கம் கைகள் எட்டவில்லை. அளந்து முடித்தும் அவள் விடவில்லை.

"கூட்டிட்டுப் போறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"வருஷா வருஷம் சட்டை தைச்சுத் தரேன். வீட்டுக்கு வேணாம் டாக்டர்."

தம்பி பதறினான். "அக்கா, உன்னை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். உனக்காகத்தானே அன்னைக்கு..."

"அதான்டா பயம்" என்றாள் அக்கா. "நீ வந்துட்டா என்கிட்ட எவன்டா சண்டை போடுவான்? நானும் சண்டைக்கு வர்றவன் கழுத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

தம்பி டாக்டர் பக்கம் திரும்பினான். "அக்கா சொல்றது சரி டாக்டர்" என்றான். பிறகு அவளிடம், "சட்டைக்குக் காலர் வேணாம்க்கா" என்றான்.

வெளியே டேப் திரும்பக் கிடைத்தது. அக்கா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது.

"அக்கா, போன மாசம் எனக்குத் தைச்ச சட்டை" என்றேன், "ரெண்டு கையும் ஒரே நீளம் இல்ல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப கையை வெட்டிச் சரி பண்ணிக்கோடா" என்றாள்.