எனெலிகோ வாத்தியாரின் இடது கால்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு உடற்பயிற்சி வாத்தியார் என்று முதன்முதலில் வந்தவர் எனெலிகோதான். அதற்கு முன் விளையாட்டு வகுப்பு என்றால் பையன்கள் ரக்பி பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெண் பிள்ளைகள் மைதானத்தில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்குவார்கள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியையான நான் நிழலில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். எங்கள் சவாயி தீவின் தென்கரையில் பல பள்ளிகளில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

எனெலிகோ ஆக்லாந்தில் ஒன்பது வருஷம் ரக்பி ஆடியவர். முழங்கால் கெட்டதும் அங்கேயே வாத்தியார் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். எங்கள் அலுவலக அறைக்குள் ஒருக்களித்துத்தான் நுழைவார், அப்படி ஒரு உடம்பு. வந்த வாரமே ரக்பி பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நாலு ஓலைப் பாய்களோடு மைதானத்துக்கு வந்தார்.

"இந்தப் புல்லு முழுக்கக் கடல். பாய்தான் தோணி, பின்னாடி உள்ளத இழுத்து முன்னாடி போட்டுப் போட்டுப் போகணும். பன்னெண்டு பேர், நாலு பாய். யார் கால் புல்லுல பட்டாலும் எல்லாரும் திரும்பி வரணும். கடைசி ஆள் அந்தச் சீமைப்பலா மரத்தைத் தொட்டாத்தான் ஆட்டம் முடிஞ்சுது."

"ஜெயிச்சது யாருன்னு எப்படித் தெரியும், சார்?" என்றான் ஒருவன்.

"எல்லாரும் போய்ச் சேந்தா எல்லாரும் ஜெயிச்சீங்க. ஒருத்தன் மட்டும் ஜெயிக்கணும்னா அவன் தனியா வீட்டுல போய் ஆடிக்கட்டும்."

என் வகுப்பில் மலாமா என்று ஒரு பெண். பத்து வயது, கனத்த உடம்பு. விளையாட்டு வகுப்பு இருக்கும் நாளில் அவளுக்குத் தவறாமல் வயிற்றுவலி வரும். நான் அதைக் கண்டுகொண்டதில்லை. எனெலிகோ முதல் வாரத்திலேயே கண்டுகொண்டார்.

"மலாமா, நீ நடுவுல நில்லு. பாய இழுக்கறப்போ அசையாம ஒருத்தர் நிக்கலேன்னா எல்லாரும் சரிஞ்சிடுவாங்க. அது உன்னாலதான் முடியும்."

இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணின் குரல் வகுப்பறை வரை கேட்டது. "டேய், குதிக்காதே! கையக் குடு! உன்னத்தான், கையக் குடுன்னேன்!" வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

பிள்ளைகளோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்றுகொண்டு, தினமும் அரைமணி நேரம் நடங்கள் என்று எல்லோரையும் பிடித்துப் பிடித்துச் சொல்வார். மலாமாவின் அம்மா லுபே பள்ளி வாசலில் எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டை விற்பவள். "நடக்கச் சொல்ற வாத்தியாரு எங்கிட்ட தினமும் நாலு உருண்டை வாங்கித் தின்றாரு. அதையும் கோயில்ல சொல்லட்டும்!" என்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இரண்டாம் வருஷம் நடுவில் சில மாற்றங்கள் தெரிந்தன. எல்லோரும் ரப்பர் செருப்பு போடுகிற ஊரில் அவர் மட்டும் மூடிய ஷூவில் வர ஆரம்பித்தார். வீட்டுக்கும் பள்ளிக்கும் முந்நூறு அடி இருக்கும். அதற்கும் காரை எடுத்தார். மைதானத்தில் ஓடியவர் நிழலில் நின்று விசில் ஊதினார்.

"என்ன ஆச்சு, எனெலிகோ?" என்று கேட்டேன்.

"பழைய முழங்கால், செஃபினா."

அத்தோடு விட்டுவிட்டேன்.

அக்டோபரில் பெற்றோர் நாள் வைத்தார். காலையில் கோயிலிலிருந்து பள்ளிவரை ஊரே கடலோரச் சாலையில் நடக்க வேண்டும். பிறகு பிள்ளைகளின் ஆட்டம். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தது அவர்தான். ஆனால் அன்று போதகரின் பிக்கப் வண்டியில், பின்பக்கம் உட்கார்ந்தபடி, ஒலிபெருக்கியோடு வந்தார்.

"வாத்தியாரே, உங்க காலுக்கு இன்னிக்கு லீவா?" என்று பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"நாங்க வேணா தூக்கிட்டு நடக்கட்டுமா? எட்டுப் பேர் போதுமா, பத்துப் பேர் வேணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்திருந்தது.

ஆட்டம் தொடங்கியது. பாதி வழியில் ஒரு சின்னப் பையன் பாயிலிருந்து சறுக்கினான். எனெலிகோ தன்னை மறந்து ஓடிப்போய் அவனைத் தாங்கினார். அதன் பிறகு நடு மைதானத்திலேயே நின்றார். அவருக்கு மிக அருகில் இருந்தவள் மலாமா.

"சார், உங்க ஷூவுல ரத்தம்."

அவர் திரும்பவில்லை. அவள் இன்னும் சத்தமாக, பயந்துபோய்க் கத்தினாள்.

"சார்! உங்க காலு! ரத்தமா ஒழுகுது!"

ஊரே அவர் காலைப் பார்த்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"என் காலப் பாக்கவா வந்தே? முதல்ல உன் உடம்பப் பாரு! நீ நிக்கற எடத்துல பாயே மண்ணுக்குள்ள போயிடும் போல இருக்கு!"

பெரியவர்கள் சிரித்தார்கள். சங்கடத்தில் சிரித்தவர்கள் உண்டு, நிஜமாகவே சிரித்தவர்களும் உண்டு. அந்தச் சிரிப்பில் என் குரலும் இருந்தது.

மலாமா பாயிலிருந்து இறங்கினாள். புல்லில் கால் வைத்து, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள். மற்ற பதினொரு பிள்ளைகளும் பாய்களின் மேல் அப்படியே நின்றார்கள். எல்லோரும் திரும்பி வாருங்கள் என்று சொல்ல வேண்டியவர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊர் நர்ஸ் வந்து ஷூவைக் கழற்றியபோது பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நாலு மாதப் புண். சர்க்கரை இருப்பது அவருக்கு ஆறு வருஷமாகத் தெரியும். ஊருக்கெல்லாம் நடக்கச் சொல்கிறவனுக்கே வியாதி என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்று மறைத்திருக்கிறார். அன்றே கப்பலில் தலைநகர் ஆப்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது காலைப் பற்றி அவர் பேசவே இல்லை. "அந்தப் புள்ள எனக்காகத்தான் கத்துச்சு, செஃபினா. அது மூஞ்சி ஞாபகம் வந்தா போர்வைய இழுத்து மூடிக்கறேன். பக்கத்துப் படுக்கைக்காரர் குளுருதான்னு கேக்கறாரு" என்றார்.

நானும் சிரித்தேன் என்று அவரிடம் சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லாமலே திரும்பினேன்.

ஜனவரியில் ஊன்றுகோலோடு வந்தார். பெரிய குற்றம் நடந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்தவர் வீட்டார் விலையுயர்ந்த பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் வீட்டு முன்னால் தலைகுனிந்து உட்காருவார்கள். அப்படிச் செய்துவிடலாம் என்றார் அவருடைய அண்ணன்.

"வேணாம்ணே. ஊர் கூடும். மறுபடியும் எல்லாரும் அவளத்தான் பாப்பாங்க" என்றார் எனெலிகோ.

ஒரு சாதாரண புதன்கிழமை மத்தியானம் அவரும் நானும் மட்டும் போனோம். லுபே அடுப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"எங்கிட்ட வாங்கித் தின்ன வாயிதானே அது? அந்த வாயிலேருந்தா எம் பொண்ணுக்கு அந்த வார்த்தை வரணும்?"

"ஆமா, லுபே. எந்த நியாயமும் எங்கிட்ட இல்ல" என்றவர், கட்டுப்போட்ட காலை நீட்டியபடி பாடுபட்டுத் தரையில் உட்கார்ந்தார். மலாமா தூணோரம் நின்றிருந்தாள்.

"மலாமா, நீ நல்லது சொன்னே. நான் பயந்துட்டேன். என் அசிங்கத்த மறைக்க உன்ன அசிங்கப்படுத்திட்டேன். நீ மன்னிக்கணும்னு கேக்கல. தப்பு என்னுதுன்னு உங்கிட்ட சொல்லணும், அதான் வந்தேன்."

அவள் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் வலிக்குதா, சார்?" என்றாள்.

"வலிக்குது."

நான் தொண்டையைச் செருமினேன். "மலாமா, அன்னிக்கு நானும்..."

"நீங்க சிரிச்சீங்க, டீச்சர். நான் பாத்தேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "சாருக்கு வலி, அதனால கத்தினாரு. நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

லுபே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் ஊர் வீடுகளைப் போல அந்த வீட்டுக்கும் சுவர் கிடையாது, தூண்களும் கூரையும்தான். சாலையில் போகிறவர்களும் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் எனெலிகோ வகுப்பு வகுப்பாகப் போய்த் தன் வியாதியையும், மறைத்ததையும், ஒரு பிள்ளையிடம் தான் சொன்னது தப்பு என்பதையும் பேர் சொல்லாமல் சொன்னார். பிறகு தினமும் காலையில் ஊன்றுகோலோடு சாலையில் நடந்தார். முதல் நாள் நாலாவது வீட்டோடு திரும்பிவிட்டார். எல்லா வீட்டிலிருந்தும் கண்கள். மறுநாள் கடைவரை போனார். ஒரு மாதத்தில் நர்ஸிடம் காலைக் காட்டப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மலாமாவின் அப்பா. அவருடைய குதிகாலிலும் புண் இருந்தது. நேரத்தோடு வந்ததால் ஆறிவிட்டது.

மலாமா அந்த வருஷம் முழுக்கப் பாய் ஆட்டத்துக்கு வரவில்லை. எனெலிகோ வற்புறுத்தவில்லை, யாரையும் வற்புறுத்த விடவுமில்லை. அடுத்த வருஷம் அவளாகவே போய்ப் பெண்களின் கிரிக்கெட் குழுவில் சேர்ந்தாள். அவள் ஓங்கி அடித்த பந்து ஒன்று கடலில் விழுந்தது என்று அவரிடம் ஓடிவந்து சொன்னதை ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

என்னிடமும் பேசுவாள். "சரிங்க டீச்சர்", "வரேங்க டீச்சர்" என்று, ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதையோடு. அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.