பெரிய பிளேட்டுக்குச் சின்ன லென்ஸ்

மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு கூடாது என்கிற எங்கள் வீட்டு வழக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் அத்திம்பேருக்கு, அதாவது அக்காள் கணவருக்கு, மைசூரிலேயே போட்டோ எடுக்கத் தெரிந்தவர் தாம் ஒருவர்தான் என்று நினைப்பு. நான் மார்க்கெட் பக்கத்து ஸ்டுடியோவில் பொழுதெல்லாம் படம் பதிகிற கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவுகிறவன். என் பேச்சு அங்கே எடுபடுமா?

தங்கை கல்யாணம் வந்தது. அம்மாவுக்கு இதயம் சரியில்லை, டாக்டர் கைவிரித்துவிட்டார். அதுவரை அவளை யாரும் படம் எடுத்ததில்லை. "ஒரு போட்டோலயாவது நான் இருக்கணும்டா" என்று அவளே வாய்விட்டுக் கேட்டாள்.

முற்றம் சின்னது. அத்திம்பேரின் பெரிய மரக் கேமராவில் கூட்டம் முழுவதும் அடங்க வேண்டுமானால் அவர் தெருவில் போய் நிற்க வேண்டும். மனிதர் தம்முடைய சின்னக் கேமராவின் ஜெர்மன் லென்ஸைக் கழற்றி இதில் மாட்டிவிட்டார். அது குட்டை லென்ஸ், நிறைய ஆட்களைப் பிடிக்கும், வாஸ்தவம். ஆனால் சின்ன பிளேட்டுக்கென்று செய்த லென்ஸ், அந்த அளவுக்குத்தானே வெளிச்சத்தை வட்டமாகப் பரப்பும்? பெரிய பிளேட்டின் ஓரங்களுக்கு எப்படி எட்டும்? அண்டாவுக்குச் செம்பின் மூடியைப் போட்ட மாதிரிதான்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். நடுவில் பளிச்சென்று இருந்தது, ஓரமெல்லாம் இருட்டு. எங்கள் வழக்கப்படி சம்பந்திகள் நடு நாற்காலிகளில். பெண்ணைப் பெற்றவள் வரிசையின் கடைசியில்.

"அத்திம்பேர், ஓரத்துல அம்மா தெரியவே இல்லையே!"

"பந்தல் நிழல்டா அது. நேக்கே பாடம் சொல்றயா? சும்னே இரு!"

"மாப்பிள்ளைகிட்ட என்னடா பேச்சு?" என்று அப்பா பல்லைக் கடித்தார். அம்மாவின் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்தேன். அவள் உதறிவிட்டாள். "சம்பந்தியைத் தள்ளிண்டு நான் நிக்கறதா? நன்னாயிருக்கு!"

படம் வந்தது. சம்பந்தியின் மீசை முடியை எண்ணலாம். ஓரத்து முகங்கள் குழம்பி, அதற்கப்புறம் ஒரே கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் அம்மா.

"அதனாலென்ன, முக்கியமானவா எல்லாரும் விழுந்திருக்காளே" என்றார் அத்திம்பேர். எனக்கு ரத்தம் கொதித்தது. அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "ரொம்ப நன்னா வந்திருக்கு, மாப்பிள்ளை" என்று சொல்லி, அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள்.

அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டாள். அத்திம்பேரை ஆயிரம் தடவை திட்டித் தீர்த்தாகிவிட்டது. நன்னா வந்திருக்கு என்று சொன்னதற்காக அவளையும் திட்ட வேண்டும். திட்டுவதற்கு எதிரே அவள் படம் ஒன்றுகூட இல்லை.