பையைப் பிரிக்காமல் கைகொடுத்த லோவெல்

அமெரிக்காவின் மினசோட்டாவில், டுலூத் நகரத்தின் பாதி வீடுகளுக்கு வெப்ப உலை பொருத்திக் கொடுத்தவர் லோவெல் எங்கிபிரெட்சன். ஊரையெல்லாம் சூடேற்றிவிட்டுத் தன் வீட்டு நிலவறையை மட்டும் குளிரக் குளிர வைத்திருந்தார். அங்கே அவருடைய ஒயின் பாட்டில்கள் படுத்திருந்தன. அவற்றுக்குச் சூடு ஆகாது. மனைவி மார்லிஸ் துணி துவைக்கக் கீழே போகும்போது கம்பளிக் குல்லாய் போட்டுக்கொள்வாள்.

மினசோட்டாக்காரர்களான எங்களுக்குச் சுவையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். பிடித்திருந்தால் "மோசமில்லை". வாயில் வைக்க முடியாவிட்டால் "வித்தியாசமா இருக்கு". எங்கள் வியாழக்கிழமை ஒயின் சங்கத்தில் லோவெல் ஒருவர்தான் இதற்கு மேலும் பேசத் தெரிந்தவர். ஒரு மிடறு விழுங்கிவிட்டு, கறுத்த செர்ரி, பழைய சுருட்டுப் பெட்டி, மழையில் நனைந்த குதிரைச் சேணம் என்று அடுக்குவார். சேணத்தை எப்போது நக்கிப் பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் நாக்கு சங்கத்தின் பொதுச் சொத்து.

அந்த நாக்கு போன இலையுதிர் காலத்தில் கட்சி மாறியது. வாழ்நாளெல்லாம் கனத்த சிவப்பு ஒயினாகச் சேர்த்தவருக்கு அது திடீரென்று நெஞ்சில் தீயாய் இறங்கியது. இதை அவர் ரசனையின் முதிர்ச்சி என்றார். டாக்டர் நெஞ்செரிச்சல் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"சிவப்பெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்ப்பா. பக்குவம் வந்தவன் வெள்ளைக்குத்தான் வருவான்," என்று சங்கத்தில் அறிவித்தார்.

அறிவித்த கையோடு, தன்னிடம் மிச்சமிருந்த ஒரு பெட்டிச் சிவப்பைச் சங்கத்து டுவேன் ஹாப்பலாவிடம் தள்ளிவிட்டு, பதிலுக்கு ஒரு பெட்டி ரீஸ்லிங் வாங்கிக்கொண்டார். அது லேசான வெள்ளை ஒயின். டுவேன் பின்லாந்து வம்சம். குளிர்காலத்து விறகைப் போல வார்த்தையை எண்ணிச் செலவழிப்பவர்.

"நல்ல சரக்காச்சே, லோவெல்," என்றார் டுவேன்.

"செத்துப்போச்சுய்யா. மாட்டுக்கறி வேகவைக்க ஊத்திக்கோ."

வெள்ளையில் ஒரு பாட்டிலைத் திறந்து மார்லிஸுக்கு ஊற்றினார். கல்யாணமான நாள் முதல் அவர் நீட்டிய ஒவ்வொரு கிண்ணத்துக்கும் "வித்தியாசமா இருக்கு" என்றே சொல்லிவந்தவள், இதைக் குடித்துவிட்டுச் சற்று யோசித்தாள்.

"மோசமில்லை."

லோவெலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏப்ரலில் அவள் நூலகத்திலிருந்து ஓய்வு பெறுகிறாள். "உன் பார்ட்டிக்கு இந்தப் பெட்டிதான். அதுவரைக்கும் இதை ஒருத்தனும் தொடக் கூடாது, நான் உள்பட," என்று வாக்குக் கொடுத்தார். மார்லிஸ் அதை நூலகம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

குளிர்காலத்தில் மாத்திரை சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்து நெஞ்செரிச்சலை அடக்கியது. அது லோவெலுக்குத் தெரியாது.

பார்ட்டிக்கு இரண்டு நாள் முந்திய வியாழன், டுவேனின் கார் கொட்டகையில் கூடினோம். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு பாட்டிலும் கழுத்து வரை பழுப்புக் காகிதப் பைக்குள் இருக்கும். பிடித்தால் பையைப் பிரிக்குமுன் பேரம் பேசிக் கைகொடுக்கலாம்; கைகொடுத்த பின் மாற்றம் கிடையாது. லேபிளைப் பார்த்துப் பின்வாங்கும் கோழைகளை ஒழிக்க லோவெலே கொண்டுவந்த சட்டம் இது.

மூன்றாவது பையிலிருந்து ஊற்றியதைக் குடித்ததும் லோவெல் எழுந்து நின்றுவிட்டார். செர்ரி வந்தது, சுருட்டுப் பெட்டி வந்தது, சேணமும் வந்தது.

"யாருதுய்யா இது?"

"என்னுது. ஒரு பெட்டி இருக்கு," என்றார் டுவேன்.

"என் வெள்ளையை அப்படியே எடுத்துக்கோ. இதைக் கொடு."

"வேண்டாம், லோவெல்."

எங்கள் ஊரில் எதையும் இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. லோவெல் சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார்.

"பையை எடுத்துட்டுப் பேசலாமே," என்றார் டுவேன்.

"எனக்கே சட்டம் சொல்றியா? கொடுய்யா கையை!"

மூன்றாம் முறை மறுப்பது முரட்டுத்தனம். டுவேன் பெருமூச்சு விட்டுக் கைகொடுத்தார்.

பை பிரிந்தது. லேபிளில், முதிருமுன் திறந்துவிடக் கூடாதென்று தனக்கே பென்சிலால் எழுதிவைத்த லோவெலின் சொந்தக் கையெழுத்து: "லோவெல் எ. அவசரப்படாதே."

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் வெர்னாதான் முதலில் வாயைத் திறந்தாள்: "இது... வித்தியாசமா இருக்கு."

அதைவிடக் கேவலமாக எங்கள் ஊரில் யாரையும் திட்ட முடியாது.

அன்று மாலையே டுவேன் சிவப்புப் பெட்டியோடு லோவெல் வீட்டுக்குப் போனார். தூக்க ஒரு கை வேண்டும் என்று நானும் போனேன். லோவெல் நிலவறையிலிருந்து வெள்ளைப் பெட்டியைச் சுமந்து மேலே வந்தார். படி முடிந்த இடத்தில் மார்லிஸ் நின்றிருந்தாள்.

"அது எங்க போகுது?"

லோவெல் சொன்னார். உலை வெடித்ததற்கு விளக்கம் சொல்லும் குரலில் சொன்னார்.

"என் பாட்டிலைக் கொடுத்து உன் பாட்டிலையே வாங்கினியா?"

"நாக்கு மாறும், மார்லிஸ்."

"வாக்கு?"

லோவெல் பெட்டியை டுவேன் கையில் கொடுத்துவிட்டுத் தன் செருப்பை ஆராய்ந்தார். கைகொடுத்தது கைகொடுத்ததுதான். டுவேன் காப்பி வேண்டாமென்று முதல் முறை மறுத்துவிட்டு, அப்படியே கதவை நோக்கி நழுவினார்.

"டுவேன்," என்றாள் மார்லிஸ், "சனிக்கிழமை நீ வர்றல்ல?"

"வரேன்."

"வெறுங்கையோடவா?"

டுவேன் நின்றார். விருந்துக்கு வெறுங்கையோடு போன ஹாப்பலா இதுவரை பிறக்கவில்லை. கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "இதைக் கொண்டு வரேன்."

"ரொம்ப சந்தோஷம். எதுக்கு வீட்டுக்கும் இங்கயும் தூக்கிட்டு அலையற? இப்படியே வெச்சிட்டுப் போ."

வைத்துவிட்டார். எலுமிச்சைப் பணியாரம் ஒரு டப்பா கைக்கு வந்தது. அதையும் இரண்டு முறை மறுத்த பிறகே வாங்கினார்.

சனிக்கிழமை நூலகமே திரண்டு வந்து வெள்ளையைக் குடித்து "மோசமில்லை" என்றது. மூலையில் லோவெல் தன் சிவப்பைத் திறந்துவைத்து, பைக்குள் ஒளித்தாலும் தன் ஒயினைக் கண்டுபிடித்த நாக்கு இது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். டுவேன் அதில்தான் மூன்றாவது கிண்ணம் குடித்துக்கொண்டிருந்தார்.

மார்லிஸ் அந்தப் பக்கம் வந்தாள். லோவெல் ஆவலோடு ஒரு கிண்ணம் நீட்டினார். குடித்தாள். கணவரின் முகத்தை அன்போடு பார்த்தாள்.

"வித்தியாசமா இருக்கு."