இரண்டு பிக்கப், நான்கு முனை

மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் சத்தத்தை அடைத்தார்கள். திருவண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபம், வரவேற்பு நிகழ்ச்சி. மேடையைச் சுற்றிச் சீரியல் செட் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த விளக்கைப் போட்ட நிமிஷத்திலிருந்து என் பேஸ் கிடார் 'ங்ங்ங்' என்று இரைய ஆரம்பித்தது. எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிப்பவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவர் என்னைத் திரும்பி முறைத்தார். பிறகு எல்லார் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர்காரரைப் பார்த்துக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். அவ்வளவுதான். மூன்று பாட்டுக்கு என் விரல்கள் ஆடின, சத்தம் வரவில்லை. அது தெரியாமல் முன்வரிசையில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

இறங்கியதும் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "இன்னாமா, மேடையில வண்டு ஓட்டிட்டே! இந்த கிடாரு வேலைக்காவாது. சென்னைக்கு எடுத்துனு போய் காட்டு. அதுவரைக்கும் பேஸை நானே லெஃப்ட் ஹேண்டுல வாசிச்சுக்கறேன்."

இடது கையில் வாசித்துக்கொள்வாராம்! கல்லூரியில் பேஸுக்கு ஆள் அகப்படாமல் என்னைப் பிடித்துப் போட்ட நாளிலிருந்து இருபது வருஷமாக வாசிக்கிறேன். இந்த 'அதுவரைக்கும்' எனக்குத் தெரியாததா? அப்படித்தான் எங்கள் டிரம்ஸ்காரரை அனுப்பினார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் இன்றுவரை ஒரு பெட்டி தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. மாஸ்டரின் இடது கை ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் என் இடமும் போனதுதான்.

"சென்னைக்கெல்லாம் எதுக்கு மாஸ்டர்? நானே பிக்கப்பை மாத்திடறேன்" என்றேன்.

"நீயா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

கீழ்பென்னாத்தூரில் எங்களுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டுவது என் வீட்டுக்காரர். எரிந்த காயிலை உருவிப் போட்டுப் புதிதாகச் சுற்றுவது நான். பயிருக்குத் தண்ணீர் நின்றுபோனவர்கள் வாசலில் நின்று திட்டத் திட்டச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பேஸ் கிடாரின் தந்திகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிக்கப் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்ததா? உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பி. தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது, அது ஸ்பீக்கரில் சத்தமாகிறது. ஆகமொத்தம் அது ஒரு காயில். காயில் என் தொழில்.

சீரியல் செட்டின் இரைச்சலையும் அதே காயில்தான் பிடித்துக்கொள்கிறது. அதற்கு வழி என்ன என்று தேடிப் படித்தேன். ஜோடியாகச் செய்த பிக்கப்புகள் கிடைக்கின்றன. இரண்டின் வால்யூமையும் சேர்த்துத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும், பாட்டு மட்டும் நிற்கும். என் பழைய கிடாரில் அந்த ஏற்பாடே கிடையாது. ஒரு ஜோடிக்குச் சொல்லி கூரியரில் வரவழைத்தேன்.

தந்திகளைத் தளர்த்தி, பழைய இரண்டையும் ஈயப் பற்றவைப்பை உருக்கி எடுத்தேன். புதியவற்றில் ஒன்று ஒரு நூல் நீளம் ஜாஸ்தி. அதை முதலில் தப்பான குழியில் வைத்து அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன், பிறகு புத்தி வந்தது. ஒவ்வொரு பிக்கப்பிலும் வெள்ளை, கறுப்பு என இரண்டு வயர். எதை எங்கே வைப்பது என்று ஒரு சீட்டும் வந்திருந்தது. சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் தொழிலில் கலரை நம்பினால் மோட்டார் புகையும். கொல்லையில் மோட்டாருக்கு ஒயரிங் செய்கிறவர்கள் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள், சிவப்பாவது பச்சையாவது. அதனால் காயில் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்த முனையில் ஒரு முடிச்சுப் போடுவோம். முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் சேரவேண்டும். பிக்கப்புகளுக்கும் அப்படியே முடிச்சுப் போட்டுப் பற்றவைத்தேன்.

ஒன்றை மட்டும் திறந்து தட்டினேன். கடை ஷட்டர் அதிர்ந்தது. மற்றதைத் திறந்தேன், அதுவும் அருமை. உடனே மாஸ்டருக்குப் போன் போட்டு, "முடிஞ்சுது மாஸ்டர். ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு நான்தான் பேஸ்" என்று பெருமையடித்துக்கொண்டேன். போனை வைத்துவிட்டு இரண்டையும் சேர்த்துத் திறந்தேன்.

அய்யோ! தகர டப்பாவைத் தட்டினதுபோல ஒரு சத்தம். பேஸ் எங்கே ஓடிப்போனதென்றே தெரியவில்லை. இரைச்சல் மட்டும் முன்னைவிட ஜாஸ்தி.

"போலி சரக்கை அனுப்பிட்டாங்க பாவிங்க" என்று கத்தினேன். வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், "உன் முடிச்சு சரியா இருக்கா, பாத்தியா?"

"என் முடிச்சையா சொல்றீங்க? இதுவரைக்கும் ஒரு மோட்டாராவது திரும்பி வந்திருக்கா?"

அவர் மறுபடி டீயை உறிஞ்சினார். எனக்குத்தான் உள்ளே உறுத்தியது. பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி அவர் பலமுறை கேட்ட முள் மீட்டரை எடுத்தேன். அதை ஒரு பிக்கப்பில் மாட்டி, ஸ்க்ரூ டிரைவரைப் பிக்கப்மேல் வைத்து வெடுக்கென்று எடுத்தேன். முள் வலது பக்கம் துள்ளியது. இன்னொன்றில் அதையே செய்தேன். முள் இடது பக்கம் போனது. நான் கட்டியபடி சரியென்றால் இரண்டிலும் ஒரே பக்கம் துள்ளியிருக்கவேண்டும்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நான் கட்டும் மோட்டாரில் காந்தம் கிடையாது, தொடங்கும் முனையைப் பார்த்தால் போதும். இங்கே காந்தமும் இருக்கிறது, அதுவும் ஜோடியில் ஒன்றின் காந்தம் தலைகீழ். அதற்காகத்தான் செய்தவர்கள் அந்த ஒன்றில் மட்டும் கலரை மாற்றிப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சீட்டில் இருந்தபடி செய்திருந்தால் சின்னக் குழந்தைகூட முடித்திருக்கும். என் கெட்டிக்காரத்தனம்தான் பாட்டை அழித்து இரைச்சலைக் கூட்டியிருந்தது.

"தப்பு என்மேலதான்" என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு, சரியா காதுல விழல" என்றார் வீட்டுக்காரர். கையிலிருந்த துணியை அவர்மேல் எறிந்தேன்.

ஒரு முடிச்சை அவிழ்த்தேன். அந்தப் பிக்கப்பின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தேன். போன கார்த்திகை தீபத்துக்கு வீட்டில் போட்ட சீரியல் செட்டைப் பரணிலிருந்து இறக்கி, கிடாரைச் சுற்றி மாட்டி எரியவிட்டேன். இரண்டையும் முழுதாகத் திறந்தேன். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. ஒரே ஒரு தந்தியைத் தட்டியதும் மேஜைமேல் இருந்த திருகாணிகள் குதித்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தில் கிடாரை முதுகில் சுமந்துகொண்டு மண்டபத்துக்கு நடந்தேன். அதே மண்டபம், அதே மேடை, சீரியல் செட் இந்தத் தடவை இரண்டு பங்கு. மாஸ்டர் கீபோர்டின் இடது பாதியில் பேஸ் சத்தத்தை ஏற்றித் தயாராக வைத்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும்மா" என்றார்.

நான் கிடாரில் ஒயரைச் சொருகினேன், இரண்டையும் முழுதாகத் திறந்தேன். மிக்ஸர்காரர் காதில் ஹெட்போனை அமுக்கிக்கொண்டு, "அக்கா, ஒயரை சொருகினீங்களா? சத்தமே வரலயே" என்றார்.

"சொருகிட்டேன். நான் வாசிச்சாதான் வரும்" என்றேன்.

முதல் பாட்டு தொடங்கும்போதே முன்வரிசைக்காரர்கள் பந்திக்கு எழுந்து போய்விட்டார்கள். போகட்டும், எனக்கு அவர்கள் தேவைப்படவில்லை. பல்லவியில் மாஸ்டரின் இடது கை என்னோடு சேர்ந்து வாசித்தது. இரண்டாவது வரியில் தயங்கியது. மூன்றாவது வரியில் கட்டைகளை விட்டு எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்சம் நின்றது. பிறகு மிக்ஸர்காரர் பக்கம் நீண்டு, கட்டைவிரலை மேலே காட்டியது.